தொண்டர்மார் நடத்துற தமிழ் வெப்சைற் டிரெக்டரி: அஞ்சுக்கு ரெண்டு

முதலே புள்ளியைச் சொல்லிடுறன், அஞ்சுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் சும்மா குடுக்கேல்ல, அதுக்குரிய வேலை செய்திருக்கினம், அதையும் சொல்லுறன். மிச்ச மூண்டும் ஏன் போச்சுது எண்ட கதைதான் கனக்க இருக்கு. வாசிக்கப் பஞ்சியா இருந்தா நேர கீழ போய் ஆர் தங்கட சைற்றை உதுக்குக் குடுக்கலாம், ஆருக்குத் தேவையில்ல எண்டதை மட்டும் பாத்திட்டுப் போங்கோ.

பேர் சொல்லமாட்டன். அவை சம்பளம் இல்லாமச் செய்யிறவை, பேர் போட்டா நாலு பேர் வந்து அவைக்குப் பேசுவினம், நாலு பேர் எனக்குப் பேசுவினம், அதால ஒண்டும் நடக்காது. தமிழில சைற் செய்யிற ஆக்களுக்கு உது எது எண்டு விளங்கும், விளங்காட்டியும் பறவாயில்ல, மனிசர் கையால பிரிச்சு அடுக்கிற டிரெக்டரி எல்லாத்திலயும் வருத்தம் ஒண்டுதான். விசயம் என்னெண்டா, தமிழ் வெப்சைற்றுகளை நாடு, மாவட்டம், சமயம், கலை, வணிகம் எண்டு பிரிவு பிரிவா வைச்சிருக்கினம், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொண்டர் எடிற்றர், நாங்கள் சைற்றைக் குடுத்தா அவர் திறந்து பாத்து, சரியெண்டா ரெண்டு வரி விபரம் எழுதிச் சேர்ப்பார். காசு இல்ல, விளம்பரம் இல்ல.

நான் யாழ்ப்பாணத்தில இருந்து சைற் செய்து குடுக்கிறனான். கொம்பனி எண்டு சொல்ல வெக்கம், ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு மேல்மாடி அறை, ரெண்டு கொம்பியூற்றர், கரண்ட் போனா யூபிஎஸ் கத்தும். எங்களிட்ட வாற ஆக்கள் எண்டா கோயில்காரர், பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், கலியாண மண்டபம், கெஸ்ற் ஹவுஸ், பனம்பொருள் விக்கிற கடை. சைற் செய்து முடிஞ்ச அண்டைக்கே எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்வி, "தம்பி, கூகுளில அடிச்சா வருமோ?" அந்தக் கேள்வியாலதான் நான் உந்த டிரெக்டரிப் பக்கம் போனது.

நல்லதை முதல் சொல்லுவம். எங்கட ஊருகளுக்கு ஊர்ச் சைற் எண்டு ஒரு உலகமே இருக்கு, வெளிநாட்டில இருக்கிற பெடியள் காசு சேர்த்துச் செய்தது, ஊரின்ர வரலாறு, பள்ளிக்கூடம், வாசிகசாலை, கோயில் திருவிழாப் படம், ஆர் செத்தது, ஆருக்குக் கலியாணம், எல்லாம் கிடக்கும். கூகுளில ஊர்ப் பேரை அடிச்சா முதல் வாறது மரண அறிவித்தல், பிறகு யூடியூப், பிறகு ஆரோ காணி விக்கிற விளம்பரம், அந்த ஊர்ச் சைற் எங்கயோ ஆழத்தில. உந்த டிரெக்டரியில யாழ் மாவட்டத்துக்குள்ள போனா வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எண்டு பிரிச்சு அதுக்குள்ள ஊர் ஊரா அடுக்கியிருக்கு. தீவகத்துக்குள்ள போய் நான் கேள்விப்படாத ரெண்டு மூண்டு சைற் பாத்தன், ஒண்டில பழைய வாசிகசாலையின்ர கூட்டக் குறிப்பு ஸ்கான் பண்ணிப் போட்டிருந்தவை, கையெழுத்து அப்பிடியே தெரியுது, அதை எந்த மெசினும் எனக்குக் கொண்டுவந்து காட்டாது. ஆரோ ஒருத்தர் இருந்து திறந்து பாத்து, இது பிரயோசனம் எண்டு நினைச்சு, இதுக்குள்ள இது இருக்கு எண்டு எழுதி வைச்சிருக்கிறார். அந்த ரெண்டு புள்ளியும் அந்த மனிசருக்கு.

விபரம் எழுதுற விதமும் எனக்குப் பிடிக்கும். புளுகு இல்ல. கெஸ்ற் ஹவுஸ் ஒண்டுக்கு "யாழ்ப்பாணத்தின் முதல்தர" எண்டு நாங்கள் எழுதிக் குடுத்தா அதை வெட்டிப்போட்டு "நாச்சார் வீடுகளின் படங்களும் அறை விபரங்களும்" எண்டு போடுவினம். எங்கட கோயில்காரர் ஒருத்தர் இதுக்குக் கொதிச்ச கொதிப்பு இருக்கே! தேவஸ்தானத்தின்ர பேருக்கு முன்னால இருந்த "அருள்மிகு"வை எடிற்றர் எடுத்துப்போட்டார், பேர் மட்டும்தான் தலைப்பு எண்டது அவையின்ர விதி. தர்மகர்த்தா ரெலிபோன் எடுத்து "ஆர் தம்பி அவன், சைவப்பிள்ளையோ?" எண்டார். நான் அதில எடிற்றர்ப் பக்கம்தான். எல்லாக் கோயிலுக்கும் அருள்மிகு போட்டா அகரவரிசையில எல்லாம் "அ"வுக்குள்ள வந்து நிக்கும், பிறகு என்னத்துக்குப் பிரிவு.

இப்ப கரைச்சலுக்கு வருவம்.

சைற் குடுக்கிற போம் லேசு, முகவரி, தலைப்பு, விபரம், பிரிவு, இமெயில். பிரிவு எண்ட இடத்திலதான் தலையிடி. பனம்பொருள் கடைச் சைற் ஒண்டைக் குடுக்கப் போனன், பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனையோலைப் பெட்டி எல்லாம் விக்கிற கடை. இது உணவோ, கைப்பணியோ, வணிகமோ, இலங்கை வடக்கு யாழ்ப்பாணமோ? நாலு இடத்திலயும் நியாயம் இருக்கு. விதியில "மிகப் பொருத்தமான ஒரு பிரிவில் மட்டும்" எண்டு கிடக்கு, பிழையான பிரிவில போட்டா என்ன நடக்கும் எண்டு கிடக்கேல்ல. எடிற்றர்மாரிட்ட விசாரிச்ச அளவில, பிழையான இடத்தில விழுந்த சைற்றை அந்த எடிற்றர் மற்றப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார், அங்க அது வரிசையின்ர கடைசியில போய் நிக்கும், அங்க எடிற்றரே இல்லாட்டி அங்கயே கிடக்கும். அவ்வளவும் உள்ளுக்க நடக்கும், குடுத்த எங்களுக்கு ஒண்டும் தெரியாது.

இதுதான் என்ர பெரிய முறைப்பாடு, மிச்சம் எல்லாம் சில்லறை. குடுத்தா "நன்றி, உங்கள் தளம் கிடைத்தது" எண்டு ஒரு பக்கம் வரும். அதோட சரி. பாத்தவையோ, பாக்கேல்லையோ, வேண்டாம் எண்டு விட்டவையோ, வேற பிரிவுக்கு அனுப்பினவையோ, ஒரு வசனம் வராது. நிலமை பாக்கிற இடம் இல்ல. எழுதிக் கேட்டா மறுமொழி இல்ல. திரும்பக் குடுப்பம் எண்டு பாத்தா, திரும்பக் குடுத்தா பழைய திகதி அழிஞ்சு புதுத் திகதி விழும், வரிசையில பின்னுக்குப் போயிடுவியள் எண்டு விதியிலயே போட்டிருக்கு. ஆகவே கேட்டாலும் பிழை, கேக்காட்டி அப்பிடியே கிடக்கவேணும்.

கடை ஐயா சந்திக்கிற நேரமெல்லாம் கேப்பார்.

"தம்பி, உந்தப் புத்தகத்தில எங்கட பேர் ஏறீட்டுதோ?"

"இன்னும் இல்லை ஐயா, பாப்பினம்."

"ஏன், ஏதும் குடுக்கோணுமோ?"

அவர் கேட்டது சும்மா ஒரு கேள்வி, கந்தோர் கந்தோராத் திரிஞ்ச மனிசன், ஒரு இடத்தில அலுவல் அசையாட்டி அவருக்கு வாற முதல் எண்ணம் அதுதான். காசு வாங்காத இடம், நேர்மையா நடக்கிற ஆக்கள், ஆனா மறுமொழி சொல்லாத ஒரே காரணத்தால கையூட்டு வாங்கிற இடம் மாதிரி ஒரு பேர் அவைக்கு வருது. உதை அவை யோசிக்கினமோ தெரியாது.

வெளிநாட்டு இங்கிலிஷ் டிரெக்டரிகளிலயும் இதே கதைதான் நடந்தது எண்டு தெரிஞ்சவைக்கு ஞாபகம் வரும். டிமோஸ் எண்டு ஒண்டு இருந்தது, ஓப்பின் டிரெக்டரி புரொஜெக்ற். 1998 ஜூனில ரிச் ஸ்க்ரென்ராவும் கூட்டாளியளும் குனூஹூ எண்ட பேரில துவங்கினது, பிறகு நியூஹூ ஆகி, அந்த வருசமே பிறவுசர் செய்த நெற்ஸ்கேப் கொம்பனி வாங்கி, நெற்ஸ்கேப்பை ஏஓஎல் எண்ட இன்ரநெற் கொம்பனி வாங்கி, அப்பிடிக் கைமாறிப் போனது. யாஹூவின்ர டிரெக்டரி அப்ப சம்பளத்துக்கு ஆள் வைச்சுச் செய்தது, வணிகச் சைற் எண்டா பாக்கிறதுக்கே வருசம் 299 டொலர் எண்டு பிறகு வந்தது. அதுக்கு எதிரா, தொண்டர்மார் செய்தா கெதியா வளரும் எண்டு ஸ்க்ரென்ராவின்ர ஆக்கள் நினைச்சது பிழையில்ல, வளர்ந்தும் காட்டினது. 2017 மார்ச் 17ம் திகதி பூட்டேக்க 38 லட்சம் சைற், 10 லட்சத்துக்கு மேல பிரிவு, 90 மொழி. எடிற்றர்மார் 91 ஆயிரத்துக்கு மேல எண்டு பக்கத்தின்ர அடியில போட்டிருந்தவை, ஆனா அது துவக்கத்தில இருந்து வந்து போன எல்லாரையும் கூட்டின கணக்கு, இருந்து வேலை செய்தவை அதில ஒரு சின்னத் துண்டு. தமிழுக்கும் அதில ஒரு பிரிவு இருந்தது, இங்கிலிஷ் பக்கத்தோட பாக்கேக்க கண்ணுக்குத் தெரியாத அளவு.

அங்கயும் வெப்மாஸ்ரர்மார், அதாவது சைற் வைச்சு நடத்தினவை, அழுத அழுகை இதே அழுகைதான். வருசக்கணக்காக் காத்திருக்கிறம், மறுமொழி இல்ல, போட்டியாளர்தான் எடிற்றர், எண்டு. ஒரு காலம் என்ர சைற் வரிசையில நிக்குதோ இல்லையோ எண்டு கேக்கிறதுக்கு ஒரு இடம் வைச்சிருந்தவை, அதை 2005ல நிப்பாட்டிப்போட்டினம், கேக்கிறவைக்கு மறுமொழி சொல்லவே எடிற்றர்மாரின்ர நேரம் போகுது எண்டு. 2006 ஒக்டோபரில சேவர் விழுந்துது, எடிற்றர்மார் திரும்ப உள்ள போக டிசம்பர் ஆகீட்டுது, வெளியாக்கள் சைற் குடுக்க அடுத்த வருசம். அந்த நேரம் எங்களுக்கு இஞ்ச சண்டையால ஏ9 வீதி பூட்டி, சாமான் கப்பலில வந்து, சீனிக்கும் மாவுக்கும் வரிசை, டிமோஸ் விழுந்தது யாழ்ப்பாணத்தில ஆருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா உலகம் முழுக்க சைற் வைச்சு உழைச்சவைக்கு அது பெரிய இடி, ஏனெண்டா கூகுள் தன்ர டிரெக்டரிக்கு டிமோஸின்ர தரவைத்தான் எடுத்துப் போட்டது, ஏஓஎல், லைக்கோஸ் எல்லாம் அதைத்தான் எடுத்தது. ஒருக்கா அங்க ஏறினா பத்து இடத்தில லிங்க் விழும், லிங்குகளைப் பாத்து கூகுள் போடுற பேஜ்ராங்க் எண்ட மதிப்பு ஏறும். அதாலதான் அந்தச் சண்டை. எடிற்றர்மாருக்கு அது ஒரு நூலகம், வெப்மாஸ்ரர்மாருக்கு அது சந்தைக் கடை. ரெண்டு பேரும் ஒரே போமை நிரப்பினவை.

எங்கட தமிழ் டிரெக்டரி டிமோஸின்ர விதிகளை அப்பிடியே எடுத்து வைச்சிருக்கு, நல்லதோட கெட்டதையும் சேர்த்து. ஆனா டிமோஸிட்ட இருந்த ஒரு உருப்படியான சாமானை எடுக்கேல்ல. அங்க ரோபோசில்லா எண்டு ஒரு புரோக்ராம் இருந்தது, அது சுத்தி வந்து செத்த லிங்க் எல்லாத்தையும் அடையாளம் போடும், எடிற்றர் பாத்து எடுப்பார். இஞ்ச அது இல்ல. வலிகாமத்தில ஒரு ஊர்ச் சைற், நடத்தினவர் செத்துப் போனார், டொமைன் காசு ஆரும் கட்டேல்ல, ஆரோ வெளிநாட்டுக்காரன் அந்தப் பேரை எடுத்து இப்ப அதில ஒன்லைன் சூதாட்டம் ஓடுது. டிரெக்டரியில ஊர்ப் பேர் அப்பிடியே கிடக்கு, கீழ "கிராமத்தின் வரலாறு, ஆலயங்கள், பாடசாலை பற்றிய தகவல்கள்" எண்டு வடிவா எழுதியிருக்கு, அமத்தினா சிவப்பும் தங்கமுமாச் சில்லுச் சுத்துது. கனடாவில இருக்கிற பிள்ளை தன்ர அப்பாவின்ர ஊரைத் தேடி அமத்தினா உதைத்தான் பாக்கும். "பிழையான லிங்க்" எண்டு முறைப்பாடு குடுக்கிற பொத்தான் இருக்கு, குடுத்தன், தெரிஞ்ச நாலஞ்சு பேரைக் கொண்டும் குடுப்பிச்சன். இதை எழுதேக்கயும் போய்ப் பாத்தன், சில்லுச் சுத்துது.

பாமினிக் கதையையும் சொல்லோணும், சிரிப்பும் வருது கோவமும் வருது. 2000க்குப் பிறகு வந்த ஊர்ச் சைற் கன எண்ணிக்கை பாமினி எழுத்துருவில செய்தது. தெரியாத சின்னப் பெடியளுக்குச் சொல்லுறன், பாமினி எண்டது இங்கிலிஷ் எழுத்தின்ர இடத்தில தமிழ் எழுத்தின்ர படத்தை ஏத்தி வைச்ச ஃபொண்ட். உங்கட மெசினில பாமினி இருந்தா பக்கம் வடிவாத் தமிழில தெரியும், இல்லாட்டி இங்கிலிஷ் எழுத்தும் இடைக்கிடை அரைப்புள்ளியும்தான், ஏனெண்டா பாமினியில குத்துப் போடுற கீ அரைப்புள்ளிக் கீ. யாழ்ப்பாணம் எண்ட ஒரு சொல்லுக்குள்ளயே மூண்டு அரைப்புள்ளி வந்திடும். ஒரு ஊர் ஒன்றியத்தின்ர பழைய சைற், லண்டனில இருக்கிற அண்ணை ஒருத்தர் அந்தக் காலம் இரவிரவா இருந்து தட்டினது, நூறு பக்கத்துக்கு மேல இருக்கும், அதை அவர் டிரெக்டரிக்குக் குடுத்திருக்கிறார். அதிசயமா அவருக்கு மறுமொழி வந்தது. "இது தமிழ்த் தளம் அல்ல."

அந்த இமெயிலை அவர் எனக்கு அனுப்பி "தம்பி, நான் இவ்வளவு காலம் என்ன பாசையில எழுதினனான்?" எண்டு கேட்டார். எடிற்றர் சின்னப் பெடியனா இருப்பார், போனில திறந்திருப்பார், போனில எங்க பாமினி. அவர் கண்டது குப்பை மாதிரித்தான் இருந்திருக்கும், அதை நான் குறை சொல்லேல்ல. ஆனா தமிழ் டிரெக்டரி நடத்திற இடத்தில பாமினி, அஞ்சல், டாப், டிஸ்கி எண்டு விதம் விதமான பழைய முறையளில எங்கட எழுத்து பட்ட பாட்டை எடிற்றராகிற ஆளுக்கு ஒருக்காச் சொல்லிக் குடுத்திருக்க வேண்டாமோ? அந்தச் சைற்றை எங்களிட்டத் தந்து, கன்வேற்றரில போட்டு, இப்ப எல்லா மெசினிலயும் தெரியிற யூனிகோட் ஆக்கி, ஸ்ரீயும் ஔவும் உடைஞ்சதைக் கையால திருத்தி, திரும்பக் குடுத்தம். இந்த முறை மறுமொழி இல்ல. அண்ணை சொல்லுறார், முதல் முறை பேசினாலும் கதைச்சவங்கள், இப்ப கதைக்கவும் இல்ல எண்டு.

எடிற்றர்ப் பக்க நியாயத்தையும் கேட்டனான், ஒருதலைப்பட்சமா எழுதக் கூடாது எண்டு. வடமராட்சிப் பெடியன் ஒருத்தன், இப்ப ஸ்காபரோவில இருக்கிறான், இரவு வேர்ஹவுஸ் வேலை, லீவு நாளில உந்த டிரெக்டரியில ரெண்டு பிரிவு பாக்கிறான். அவன் சொன்னான், "அண்ணை, உங்கட சைற் நல்லதுதான், ஆனா அதுக்கு முன்னால கிடக்கிறதை நீங்கள் பாக்கேல்ல." சாத்திரக்காரர் ஒருத்தர் ஒரே சைற்றை ஊருக்கு ஒரு பேரில குடுத்திருக்கிறாராம், யாழ்ப்பாணம் சாத்திரம், சுன்னாகம் சாத்திரம், பருத்தித்துறை சாத்திரம் எண்டு, உள்ள ஒரே ரெலிபோன் நம்பர். வீசா எடுத்துத் தாறம், கடன் தாறம், புதுப்பாட்டு இறக்கலாம், எல்லாம் தமிழ் எழுத்தில. ஒவ்வொண்டையும் திறந்து, உள்ளுக்க நாலு பக்கம் போய்ப் பாத்து, வேண்டாம் எண்டு தள்ளிப்போட்டு, அதுக்குப் பிறகுதான் கோயிலுக்கு வரலாம். வேண்டாம் எண்டதுக்குக் காரணம் எழுதினா, அந்தக் காரணத்தை மட்டும் திருத்திப்போட்டுத் திரும்ப வருவாங்கள், இல்லாட்டி இரவு ரெண்டு மணிக்குத் தூசணத்தில இமெயில் வரும். அதால பழைய எடிற்றர்மார் புது எடிற்றர்மாருக்குச் சொல்லிக் குடுக்கிற முதல் பாடமே மறுமொழி போடாதை எண்டதுதானாம்.

விளங்குது. குப்பைக்காரனுக்குப் பயந்து வாய் மூடுறது விளங்குது. ஆனா நான் கேக்கிறது காரணம் இல்ல. "பாக்கேல்ல", "பாத்தாச்சு, சேர்க்கேல்ல", "வேற பிரிவுக்குப் போட்டுது", இந்த மூண்டில ஒண்டை மெசின் போடட்டும், அதுக்கு எடிற்றர் கை வைக்கத் தேவையில்ல, உள்ளுக்க அந்தப் பதிவு ஏற்கனவே கிடக்கு, வெளியில காட்டுறது ஒரு நாள் வேலை. சம்பளம் இல்லாத மனிசனிட்ட விளக்கம் கேக்கிறது அநியாயம் எண்டா, காத்திருக்கிற மனிசனை வருசக்கணக்கா இருட்டில விடுறதும் அநியாயம்தான். பெடியனிட்ட இதைச் சொன்னன், அவன் "நானும் சொல்லிப் பாத்தனான் அண்ணை, மேல இருக்கிறவை விரும்பேல்ல" எண்டான். ஆக, கீழ இருக்கிற தொண்டனுக்கும் மறுமொழி வரேல்ல.

சரி, ஆள் பத்தாட்டி நாங்களே எடிற்றராவம் எண்டு பாத்தம். யாழ்ப்பாணப் பிரிவின்ர அடியில "கடைசியாகத் திருத்தியது" எண்டு ஒரு திகதி கிடக்கு, பாத்தா எப்பவோ ஒரு காலம். எடிற்றரின்ர பேரும் கிடக்கு. ஆள் கோயில் திறப்பைக் கொண்டு கனடா போன மாதிரி, அவர் வாறதும் இல்ல, வேற ஆருக்கும் குடுக்கிறதும் இல்ல. விண்ணப்பம் போட்டா "இந்தப் பிரிவுக்கு ஏற்கனவே எடிற்றர் உண்டு, சிறிய பிரிவு ஒன்றைத் தெரிவு செய்யவும்" எண்டு வருது. சின்னப் பிரிவு எண்டு மன்னாரைப் போட்டுக் கேட்டன், மாதிரிக்கு மூண்டு சைற்றுக்கு விபரம் எழுதித் தரச் சொன்னவை, புளுகில்லாம ஒழுங்கா எழுதிக் குடுத்தன். போனது போனதுதான்.

பக்கச்சார்புச் சிக்கல் ஒண்டும் இருக்கு, அதை அளந்துதான் சொல்லோணும். கலியாணப் படப்பிடிப்புப் பிரிவில யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு சைற்தான் கிடக்கு, பக்கத்தில நட்சத்திரம் வேற. கஸ்தூரியார் வீதியில இறங்கி நடந்தா எத்தினை ஸ்ரூடியோ. அந்த எடிற்றருக்கும் அந்தச் ஸ்ரூடியோவுக்கும் சொந்தம் எண்டு ஊருக்குள்ள கதை, என்னட்ட ஆதாரம் இல்ல, சிலவேளை மற்றவை ஒருத்தரும் குடுக்கவே இல்லையோ என்னவோ, இப்ப எல்லாரும் ஃபேஸ்புக்கிலதானே. டிமோஸில எடிற்றர் தனக்குத் தொடர்புள்ள சைற் எதெண்டு சொல்லோணும், போட்டியாளரையும் ஒரே மாதிரி நடத்தோணும் எண்டு விதி இருந்தது, எடிற்றரைப் பற்றி முறைப்பாடு குடுக்க வெளியாக்களுக்கும் ஒரு வழி இருந்தது. இஞ்ச அப்பிடி ஒண்டும் என்ர கண்ணில படேல்ல. வழி இல்லாத இடத்தில கதைதான் வளரும்.

இப்ப பெரிய கேள்வி, ஏறினாலும் என்ன பிரயோசனம்? முந்தின மாதிரி இல்ல. கூகுள் தன்ர டிரெக்டரியை 2011ல பூட்டீட்டுது, யாஹூ 2014 முடிவில பூட்டினது, டிமோஸ் 2017ல. டிமோஸின்ர பழைய எடிற்றர்மார் அந்தத் தரவை எடுத்து 2018ல கேர்லி எண்ட பேரில திரும்பத் திறந்தவை, இப்பவும் ஓடுது. ஆனா பேஜ்ராங்க் ஏறும் எண்டு அதுக்குள்ள போறவன் இப்ப ஒருத்தனும் இல்ல. யாழ்ப்பாணத்தில ஒரு கடைக்கு வாடிக்கை வாறது கூகுள் மப்பால, ஃபேஸ்புக்கால, வட்ஸ்அப்பில ஆரோ அனுப்பின லொக்கேசனால. நல்லூர்த் திருவிழா நேரம் கொழும்பில இருந்தும் வெளிநாட்டில இருந்தும் வாறவை அறை தேடுறது மப்பில, டிரெக்டரியில போய் இலங்கை, வடக்கு, யாழ்ப்பாணம், தங்குமிடம் எண்டு ஒருத்தரும் இறங்கி வரமாட்டினம். கெஸ்ற் ஹவுஸ்காரர் கேட்டா நான் இப்ப சொல்லுறது, அண்ணை, மப்பில நேரத்தையும் நம்பரையும் சரியாப் போடுங்கோ, நல்ல வெளிச்சத்தில பத்துப் படம் எடுத்து ஏத்துங்கோ, அது போதும்.

இன்னொண்டு, இதைக் கட்டாயம் சொல்லோணும். "உங்கட சைற்றை 500 டிரெக்டரியில போடுறம்" எண்டு காசு கேட்டு வாற பெடியள் இப்ப இஞ்சயும் இருக்கினம், பைக்கேஜ் எண்டு சொல்லி. அதுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. தரமில்லாத டிரெக்டரிகளில லிங்க் போடுறதை ஸ்பாம் எண்டு கூகுள் தன்ர விதியில நேராவே எழுதி வைச்சிருக்கு. அந்த 500லயும் மனிசர் பாக்கிற டிரெக்டரி ஒண்டும் இருக்காது, எல்லாம் குடுத்த உடன ஏறுற குப்பைக் கிடங்கு. நான் திட்டித் தீர்த்த உந்தத் தமிழ் டிரெக்டரி அதுகளோட ஒப்பிட்டா எவ்வளவோ மேல், கண்டதையும் ஏத்தாது எண்ட ஒரு மரியாதை இருக்கு.

ஆக ஆர் குடுக்கலாம்: ஊர்ச் சைற், கோயில், பழைய மாணவர் சங்கம், வாசிகசாலை, பழைய பத்திரிகை, படம், கையெழுத்துப் பிரதி சேர்த்து வைச்சிருக்கிறவை. உங்களுக்கு வாடிக்கை வேண்டாம், பத்து வருசம் கழிச்சு ஆராவது தேடி வந்தா கண்டுபிடிக்கோணும், அதுக்கு உது இப்பவும் நல்ல இடம், எனக்குத் தெரிஞ்ச அளவில இந்த வேலையை இப்பிடி வேற ஒருத்தரும் தமிழில செய்யேல்ல. ஆருக்குத் தேவையில்ல: கடை, ஹோட்டல், மண்டபம், வகுப்பு நடத்துற மாஸ்ரர்மார், நான் உட்பட சைற் செய்து விக்கிற ஆக்கள்.

குடுக்கிறதெண்டா யூனிகோட்டில இருக்கோணும், போனில திறந்து பாருங்கோ, எடிற்றரும் போனிலதான் திறப்பார். முதல் பக்கத்திலயே ஆர் நடத்திறது, எந்த ஊர், தொடர்பு எடுக்கிறது எப்பிடி எண்டு இருக்கோணும், "பணிகள் நடைபெறுகின்றன" எண்டு பலகை தொங்கிற சைற்றைக் குடுத்தா அண்டைக்கே தள்ளீடுவினம். விபரம் ரெண்டு வரி, உள்ளுக்க என்ன இருக்கு எண்டது மட்டும், சிறந்த, முன்னணி, நம்பர் வண் எல்லாம் வேண்டாம். பிரிவு தெரியாட்டி ஊர்ப் பிரிவில போடுங்கோ, அதுக்குத்தான் ஓரளவு ஆள் இருக்கு. ஒருக்காக் குடுங்கோ, திகதியை எழுதி வைச்சிட்டு மறந்திடுங்கோ, திரும்பத் திரும்பக் குடுக்காதேங்கோ. கோயில்காரர் எண்டா, "அருள்மிகு"வை எடுத்துப்போட்டு ஏத்தினா சம்மதமோ எண்டு தர்மகர்த்தாவிட்ட முதலே கேட்டு வைக்கிறது நல்லம், பிறகு ரெலிபோன் உங்களுக்குத்தான் வரும்.